மெய்ப்பு

டோர்ஷவ்ன் துறைமுகத்துக்கு மேலே, இரண்டாம் மாடியில்
செய்தித்தாளின் கடைசிக் கண், சுன்வோர்.
பதினெட்டு ஆண்டுகளாகக் காதில் சிவப்புப் பென்சில்.
இரவு பதினொன்றுக்கு முன்
பரோயே மொழியின் ஒரு நாளைக்
கூட்டிப் பெருக்கி அச்சுக்கு அனுப்புகிறவள்.

கப்பல் வருகை, மீன் விலை, கிடா விற்பனை,
இறப்புச் செய்தி.
இறப்புச் செய்தியை மட்டும் மூன்று தடவை.

தம்பி யால்கிரீமுடையதும் அப்படி ஒரு நாள் வந்தது.
வயது பத்தொன்பது.
காய்ச்சலில் படுத்தான், காலையில் எழவில்லை.
இதயம் நின்றது என்றார்கள்.
எதனால் என்று கேட்டபோது
ஜன்னலில் காற்று மட்டும் அடித்தது.
எட்டு வரி. மூன்று தடவை படித்தாள்.
பிழை ஒன்றும் இல்லை.

ஏழாண்டு கழித்து, தீவெங்கும் ரத்தம் எடுத்தபோது
அவளுக்கும் ஒரு தாள் வந்தது.
ஆயிரத்து அறுநூறு எழுத்துக்கு மேல் நீளும் ஒரு வரியில்
தொண்ணூற்றைந்தாவது எழுத்து:
ஏ நிற்க வேண்டிய இடத்தில் ஜி.
அம்மா தந்த படியிலும், அப்பா தந்த படியிலும்.
அவளுக்குச் சிரிப்பு வந்தது.
ஒரே எழுத்தா?

அவள் தன் மொழியில் அறிந்ததை
என் மொழியில் சொல்லிப் பார்க்கிறேன்.
பவளம் பவழமானால் ஒன்றும் ஆகாது,
கழுத்தில் கிடப்பது அதே சிவப்பு.
கடல் மகன் படகு என்பதில்
இரண்டாம் எழுத்து உதிர்ந்தும்
மும்மூன்றாய்ப் படிக்கும் வழக்கம் மாறாதிருந்தால்
கல்ம கன்ப டகு.
கடலும் இல்லை, மகனும் இல்லை.
அவளுடையது இரண்டுக்கும் நடுவில்.
வழி என்று இருக்க வேண்டியது
வலி என்று இருக்கிறது.
வாக்கியம் முடிகிறது, இலக்கணம் சரி,
யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

உயிரணுவின் சுவரில் ஒரு வாசல்.
கார்னிட்டினை உள்ளே இழுக்க வேண்டியது, இழுப்பதில்லை.
அது இல்லாமல் கொழுப்பு எரியாது.
பட்டினியில், காய்ச்சலில்,
பீப்பாய் நிறைய எண்ணெய் இருக்க
விளக்கு அணைகிறது.

எப்போதோ யாரோ படகில் கொண்டுவந்தது.
மலையும் மூடுபனியும் வேலியிட்ட ஊர்களில்
தனக்குத் தானே பெண் கொடுத்துப் பெண் எடுத்தது.
ஆனால் அவர்கள் தட்டில் தினமும்
காற்றில் உலர்ந்த ஆட்டிறைச்சி, திமிங்கிலம்.
வாரி வாரிக் கொட்டியதில்
கொஞ்சம் உள்ளே கசிந்திருக்கலாம் என்கிறார் மருத்துவர்.
கலாம், என்கிறார். அந்த விகுதியில்
பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

ஏனென்றால் யால்கிரீம் இறைச்சியை நிறுத்தியிருந்தான்.
தாயில்லாக் குட்டி ஒன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்தவன்,
அக்டோபரில் அதைக்
கொட்டகையில் தொங்கக் கண்டவன்.
பிப்ரவரியில் காய்ச்சல்.

இதை எந்தப் பக்கத்தில் பிடித்திருக்க முடியும்?

இப்போது நாளுக்கு மூன்று வேளை வெள்ளைப் பொடி.
பிழையைத் திருத்துவதில்லை அது;
ஓரத்தில் எழுதிய குறிப்பு மாதிரி, கூடவே இருக்கிறது.
வியர்வையில் மீன் வாடை.
பேருந்தில் யாரும் முகம் சுளிப்பதில்லை.
இந்த ஊரில் மீன் வாடை
யாருடையது என்று யார் கேட்பார்?

மகள் பிர்னாவுக்கு ஒரு படி சரி, ஒரு படி பிழை.
கைப்பந்தில் கோல் அடிக்க அது போதும்.
அவள் கண்ணின் நீலம்கூட
பல்லாயிரம் ஆண்டுக்கு முன் யாருக்கோ நேர்ந்ததுதான்.
அங்கேயும்
ஏ இருந்த இடத்தில் ஒரு ஜி.
அன்றைக்குச் சிவப்புப் பென்சில் யாரிடமும் இல்லை.

மெய்ப்புக்காரர்களிடம் ஒரு குறி உண்டு.
அடித்தது தவறு, சொல் இருக்கட்டும் என்பதற்கு
அதன் அடியில் சிறு சிறு புள்ளிகள்.

இன்றைய தாளில் மணி பத்தரை.
நாளைய காற்றின் வேகம் சொல்லும் வரிக்கு அடியில்
கரண்டியிலிருந்து சிந்திய துகள்கள்.
ஊதித் தள்ளிவிட்டு
அடுத்த பத்திக்குப் போகிறாள்.